கால்ல சேறு, கணக்குல பேரு

வெவசாயி ஆகணும்னு பட்டணத்துலேருந்து கெளம்பி வந்திருக்கே. ரொம்ப சந்தோஷம் தம்பி. கலப்பை புடிக்கத் தெரியுமா? தெரியாது. நாத்துக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியுமா? அதுவும் தெரியாது. அப்ப ஒனக்கு ஒரு கொறையும் இல்ல. ஒக்காரு, ரெண்டு டீ சொல்லு.

இந்த நாட்டுல வெவசாயிங்கறவன் ரெண்டு வகை. ஒருத்தனுக்குக் கால்ல சேறு இருக்கும். இன்னொருத்தனுக்குக் கணக்குல பேரு இருக்கும். ரெண்டும் ஒரே ஆளா வாச்சா அது அவன் முன்னோர் செஞ்ச புண்ணியம். நீ ரெண்டாவது வகையில சேரப் பாரு. மொத வகையில சேந்தவன் இதுவரைக்கும் இடுப்பு வலி இல்லாம தூங்கினத நான் பாத்ததில்ல.

எங்க, சர்க்காரு குடுக்கற கிசான் பணத்துப் பட்டியல அந்தப் போன்ல எடுத்து இப்படிக் காட்டு. இரு, கண்ணாடியப் போட்டுக்கறேன். மாநிலம்னு ஒரு கதவு, மாவட்டம்னு ஒரு கதவு, அப்பறம் துணை மாவட்டம், வட்டாரம், கிராமம். அஞ்சு கதவு தொறந்து உள்ள போனா நம்ம தெருவே வரிசையா நிக்குது. பேரு, ஆணா பொண்ணா. அவ்வளவுதான். அப்பன் பேரு இல்ல, எத்தன மா நெலம்னு இல்ல. இந்தா, பதினேழாவது பேரப் பாரு. அது நம்ம குலசாமி பேரு. இந்த ஊர்ல எல்லா வூட்லயும் மூத்த புள்ளைக்கு அதுதான் வெப்பாங்க. ஏழு பேரு இருக்கான். நெட்டையன், செவத்தவன், சைக்கிள் கடைக்காரன்னு ஆளுக்கு ஒரு பட்டம் சொல்லித்தான் கூப்புடறது. நீ போயி "இது எந்த ஆளு?"ன்னு கேட்டா, ஏழு பேரும் அடுத்தவனப் பாத்துக் கைய நீட்டுவான். இதுக்குப் பேரு வெளிப்படை. ஏட்டுச் சுரைக்காயப் படம் புடிச்சுப் போன்ல ஏத்திட்டாப்ல, கொழம்பு கொதிச்சிடுமா?

சரி, ஒன் விஷயத்துக்கு வரேன். அந்தக் கிசான் பணம், வருசத்துக்கு 6,000 ரூபா. நாலு மாசத்துக்கு ஒருக்க 2,000 வீதம். 2019 பிப்ரவரி 24ஆம் தேதி கோரக்பூர்ல தொடங்கி வெச்சாங்க. ஆரம்பத்துல 2 எக்டேருக்கு உள்ள வெச்சிருக்கறவனுக்குத்தான்னு சொன்னாங்க. நம்ம கணக்குல அஞ்சு ஏக்கரு, பதினஞ்சு மா. அந்த வருசம் ஜூன் மாசத்துலேருந்து வரம்பையும் எடுத்துட்டாங்க. அதனால ஒரு மா வெச்சிருக்கறவனுக்கும் 2,000, மூணு வேலி வெச்சிருக்கறவனுக்கும் 2,000. சமத்துவம்னா இதுதான் சமத்துவம்.

"நெலம் வாங்கிடறேன் தாத்தா"ன்னு சொன்னியே, அங்கதான் நீ பச்சப் புள்ளை. அந்தத் திட்டத்துல நாள் குறிச்சு வெச்சிருக்காங்க. 2019 பிப்ரவரி 1ஆம் தேதி யாரு பேர்ல நெலம் இருந்துச்சோ அவன்தான் வெவசாயி. அதுக்கப்பறம் அஞ்சு வருசத்துக்கு வெல குடுத்து வாங்கினவன் கணக்குல வரமாட்டான். பட்டாதாரர் செத்து வாரிசா வந்தவன் மட்டும் வரலாம்னு விதி எழுதினாங்க. பணம் போட்டு வாங்கி, வரப்பு வெட்டி, நாத்து வுட்டவன் காத்திருக்கணும். தகப்பன் செத்துப்போன புள்ள பட்டணத்துலேருந்தே வாங்கிக்கலாம். ஒங்கப்பன் நூறு வயசு இருக்கட்டும், நீ அவசரப்படாதே.

யாருக்கெல்லாம் கிடையாதுன்னும் ஒரு பெரிய ஓலை இருக்கு. மந்திரி, எம்.எல்.ஏ. கிடையாது. அரசு உத்தியோகஸ்தன் கிடையாது, கடைநிலை ஊழியருக்கு மட்டும் உண்டு. மாசம் 10,000 அல்லது அதுக்கு மேல பென்ஷன் வாங்கறவன் கிடையாது. பதிவு பண்ணித் தொழில் பண்ற டாக்டரு, வக்கீலு, ஆடிட்டரு, இஞ்சினியரு கிடையாது. வருமான வரி கட்டறவன் கிடையாது. புருசன், பொண்டாட்டி, சின்னப் புள்ளைங்க எல்லாம் சேந்து ஒரு குடும்பம், அதுக்கு ஒண்ணுதான். படிச்சா புல்லரிக்கும். வேலியின்னா இதுதான் வேலி, ஆடு மாடு நொழைய முடியாதுன்னு தோணும்.

அந்த வேலிக்குள்ள என்ன நொழஞ்சிதுன்னு தகவல் உரிமைச் சட்டத்துல ஒருத்தர் எழுதிக் கேட்டாரு. 2021 தொடக்கத்துல பதில் வந்துச்சு. தகுதி இல்லாத 20 லட்சம் பேருக்கு மேல, 1,364 கோடி ரூபா. அதுல பாதிக்கு மேல யாருங்கறே? வருமான வரி கட்டறவங்க! ஒரு கையால சர்க்காருக்கு வரி கட்டிட்டு, இன்னொரு கையால "நான் ஏழை வெவசாயி"ன்னு எழுதிக் குடுத்திருக்கான். ரெண்டும் ஒரே ஆதாரு, ரெண்டும் ஒரே சர்க்காரு. வலது கை குடுக்கறது இடது கைக்குத் தெரியக் கூடாதுங்கற தர்மத்த இத்தன சுத்தமா யாரும் கடைப்புடிச்சதில்ல. அதே வருசம் ஜூலையில நாடாளுமன்றத்துல சொன்ன கணக்கு இன்னும் வளந்துடுச்சு: 42 லட்சம் பேரு, 3,000 கோடி ரூபாய்க்குப் பக்கத்துல. அஸ்ஸாம் மொத எடம், 554 கோடி. நம்ம காரைக்காலுக்குப் பக்கத்துத் தமிழ்நாடு 340 கோடி.

தமிழ்நாட்டுக் கதையச் சொல்லியே ஆகணும், ஏன்னா அது நீ படிச்ச கம்ப்யூட்டர்லேருந்து மொளச்ச பயிரு. முன்னாடி ஒருத்தன் பேரச் சேக்கணும்னா கிராம நிர்வாக அலுவலர் நெலக் கணக்கப் பாத்து, வேளாண்மை ஆபீசுல சரி பாத்து, அப்பறம்தான் ஏறும். அப்பறம் அவனவனே வலைத்தளத்துல பதிவு பண்ணிக்கலாம்னு கதவத் தொறந்து வுட்டாங்க. வந்துது 2020, கொரோனா. ஊரே அடச்சிக் கெடக்கு. அந்த நேரத்துல தெருத்தெருவா தரகனுங்க கெளம்பினான். "கொரோனா நிவாரணம் வருது, ஆதாரு குடு, பாஸ்புக்கு குடு." குடுத்தாங்க. அடுப்பு எரியாத வூட்ல குடுக்காம என்ன பண்ணுவா? ஆபீசுக்காரங்க வெச்சிருந்த கடவுச்சொல்லு தரகன் கைக்குப் போயிருந்துது. அவன் ராவோட ராவா ஒப்புதல் குடுத்துக்கிட்டான். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைன்னு பதிமூணு மாவட்டத்துல வெவசாயிங்க மழைக்குக் காளான் மொளச்ச மாதிரி மொளச்சாங்க. கள்ளக்குறிச்சி மாவட்டமே அதுக்கு முந்தின வருசம்தான் பொறந்துது. பொறந்த ஒடனே என்னா வெளச்சல் பாத்தியா!

ஏறத்தாழ அஞ்சர லட்சம் தகுதி இல்லாத பேரு, 110 கோடி ரூபா. அந்த வருசம் செப்டம்பர்ல வேளாண்மைத் துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி கணக்க வெளியில சொன்னாரு. சி.பி.சி.ஐ.டி. வந்துது. தரகனுங்கள புடிச்சாங்க, ஒப்பந்த ஊழியருங்கள வூட்டுக்கு அனுப்பினாங்க, கொஞ்சம் அதிகாரிங்கள இடைநீக்கம் பண்ணாங்க. அப்பறம் வங்கிக் கணக்குங்கள முடக்கி, வூடு வூடாப் போயி பணத்தத் திருப்பி வாங்கினாங்க. கூலிக்காரி ஒருத்திக்கு 4,000 வந்து, அதுல தரகன் பங்கு போயி, மிச்சம் அரிசியாகி, அதுவும் செரிச்சிப் போன பெறவு, "அம்மா, நீ வெவசாயி இல்லியே, பணத்தக் கட்டு"ன்னு வாசல்ல நின்னா எப்படி இருக்கும்? அவளுக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சிருக்கும், தானும் கொஞ்ச நாளு வெவசாயியா இருந்தோம்னு.

இதுல என் ஆதங்கம் வேற தம்பி. அஞ்சர லட்சம் பேரு! ஒரு ஊருக்கு அம்பது, நூறுன்னு ஏறியிருக்கும். அந்த ஊரு டீக்கடையில ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, பேர வரிசையா படிச்சிருந்தா என்னா ஆகியிருக்கும்? "ஏய், அவன் எங்கடா சோளம் வெதச்சான், அவன் திருப்பூர்ல பனியன் தெக்கறான்"னு பாதிப் பட்டியல்லயே ஒரு கெழவி நிறுத்தியிருப்பா. அவளுக்குக் கடவுச்சொல்லும் வேணாம், சி.பி.சி.ஐ.டி.யும் வேணாம். பொறாமைன்னு ஒண்ணு இருக்கு பாரு, அத மாதிரி ஒரு தணிக்கைக்காரன் கெடையாது. சம்பளம் கேக்க மாட்டான், லீவு எடுக்க மாட்டான், பயணப்படி கேக்க மாட்டான். நம்ம சர்க்காரு எல்லாத்தையும் பயன்படுத்திடுச்சி, பக்கத்து வூட்டுக்காரன் வயித்தெரிச்சல மட்டும் வீணாக்குது.

நான் சொல்றது ஒண்ணும் புதுசு இல்ல. ராஜஸ்தான்ல மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்னு ஒரு கூட்டம். 1994லேருந்து கிராமத்துல பந்தலப் போட்டு, வேலைத் திட்டக் கணக்க ஊரு நடுவுல சத்தம் போட்டுப் படிச்சாங்க. இவ்வளவு பேரு வேலைக்கு வந்தான், இவ்வளவு கூலி வாங்கினான்னு. கூட்டத்துலேருந்து ஒருத்தன் எழுந்து நின்னு, "நான் அந்தப் பக்கமே போகலியே, எனக்கு எப்படிக் கூலி வந்துது?"ன்னு கேட்டான். அவ்வளவுதான். அங்க கெளம்பின சத்தம்தான் 2005ல தகவல் உரிமைச் சட்டமா வந்து நின்னுது. அந்தச் சட்டத்துல நாலாவது பிரிவு இருக்கே, அது எனக்கு மனப்பாடம். மானியத் திட்டம் எப்படி நடக்குது, எவ்வளவு ஒதுக்கினாங்க, பயன் வாங்கினவங்க வெவரம் என்னா, இதெல்லாம் யாரும் கேக்காமலே சர்க்காரு தானா முன்வந்து வெளியிடணும். கேக்காமலே! கேட்டாலும் கெடைக்காத ஊர்ல, கேக்காமலே குடுன்னு எழுதினவன் கை நல்லாருக்கணும்.

நான் ஒருக்க கேட்டுப் பாத்தேன். எந்த ஆபீசுன்னு சொல்ல மாட்டேன், அந்தப் புள்ளைங்க நாளைக்கும் என் மூஞ்சியில முழிக்கணும். "பட்டியலு ஒட்டியிருக்கோம் பெரியவரே, பாத்துக்குங்க"ன்னான். எங்கன்னேன். அறிவிப்புப் பலகையிலன்னான். பலகை எங்கன்னேன். பீரோவுக்குப் பின்னாடின்னான். நாலு பேரு சேந்து பீரோவ நகத்தினோம். பலகை இருந்துது, கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டியிருந்துது. சாவி மாத்தலாகிப் போனவருகிட்ட. கண்ணாடி வழியாப் பாத்தா நாலு வருசத்துக்கு முந்தின கண் சிகிச்சை முகாம் நோட்டீசு. அதையும் கண்ணு நல்லா இருக்கறவன்தான் படிக்க முடியும்.

சரி, ஊர்க் கூட்டத்துல படிக்கச் சொல்லலாமேன்னு நீ கேப்பே. அங்கதான் நம்ம காரைக்காலு மத்த ஊரவுட ஒசத்தி. சுத்தி நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை. வாஞ்சூரத் தாண்டினாலும் சரி, அம்பகரத்தூரத் தாண்டினாலும் சரி, தமிழ்நாட்டுச் சர்க்காரு. அங்கெல்லாம் 2025 ஜனவரி வரைக்கும் பஞ்சாயத்துத் தலைவருன்னு திட்டவாவது ஒருத்தன் இருந்தான். நமக்கு? புதுச்சேரியில 1968ல உள்ளாட்சித் தேர்தல் நடந்துது. அடுத்து எப்பங்கறே? 2006. முப்பத்தெட்டு வருசம் கழிச்சு. அதுவும் 2011ல முடிஞ்சிது. அன்னையிலேருந்து நெடுங்காடு, திருநள்ளாறு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம்னு எல்லா கொம்யூன் பஞ்சாயத்தும் அதிகாரி கையில. நெடுங்காட்டுல 2011ல பொறந்த புள்ள மீசை அரும்பி நிக்குது, அது பாத்து ஒரு வார்டு மெம்பரு கெடையாது. பட்டியல கிராம சபையில வைக்கலாம்தான். சபையக் கொண்டாந்து எங்க வைக்கறது?

பிரெஞ்சுக்காரன் போயி, 1954 நவம்பர் 1ஆம் தேதி கொடி மாறிச்சி. கொம்யூன்ங்கற பேர மட்டும் வுட்டுட்டுப் போனான். அதுல ஆளப் போடத்தான் நமக்கு நேரமில்ல. அவன்கிட்ட ஒரு நல்ல பழக்கம் உண்டு. நம்ம காரைக்கால்ல பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கற கெழவனுங்க இருந்தாங்க பாரு, அவங்கள வருசா வருசம் "நான் உசுரோட இருக்கேன்"னு சான்று அனுப்பச் சொல்லுவான். நம்ம பக்கத்துல செத்தவனுக்கும் தவணை வரும், உசுரோட இருக்கறவன் பேரு விட்டுப்போயிடும். கைரேகை வெக்கணும், முகத்தக் காட்டணும்னு இப்ப கொண்டாந்திருக்காங்க. ஆனா நாத்தங்கால்ல கெடந்த கைக்கு ரேகை எங்க இருக்கு? மெஷினு என் கையப் பாத்துட்டு "அடையாளம் இல்லை"ங்குது. எழுவது வருசம் மண்ணுல தேச்ச கையி, அதுக்கு அடையாளம் இல்லையாம்.

இது நம்ம நாட்டு வியாதி மட்டும்னு தலை குனியாதே. நமக்கு வடக்க தரங்கம்பாடியில 1620ல கோட்டை கட்டினானே டென்மார்க்குக்காரன், அவன் நாட்டுல 2004ல பத்திரிகைக்காரங்க வெவசாய மானியப் பட்டியல வாங்கி வெளியில வுட்டாங்க. ஐரோப்பாவுல அதுதான் மொத நாடுங்கறாங்க. அடுத்த வருசம் இங்கிலாந்துல வந்துது. புரட்டிப் பாத்தா வெவசாயிங்க பட்டியல்ல யாரு? மகாராணி! சாண்ட்ரிங்ஹாம்ல பண்ணை வெச்சிருந்தாங்களாம். மகாராணிக்கு நாலு மா நெலம் இருந்து, கடைமடைக்குத் தண்ணி வரலேன்னு கஷ்டப்பட்டிருப்பாங்க போல. நம்ம பழைய எசமானன் பிரான்சுல 2008 கணக்கப் பாத்தா, ஒரு கோழி ஏத்துமதிக் கம்பெனி 6 கோடி யூரோவுக்கு மேல வாங்கியிருக்கு. வெவசாயிக்கு மானியம்னு அவங்க சொன்னது கோழிய நெனச்சித்தான் போல. அமெரிக்காவுல ஸ்காட்டி பிப்பன்னு ஒரு கூடைப்பந்து ஆட்டக்காரரு, நெலத்துல பயிரு வைக்காம சும்மா போட்டு வெச்சதுக்கு மானியம் வாங்கினாரு. சும்மா போடறதுக்கு! நம்ம ஊர்ல தண்ணி வராம சும்மா கெடக்கற நெலத்துக்கெல்லாம் அப்படிக் குடுத்தா, கடைமடைக்காரன் அம்புட்டுப் பேரும் மாடி கட்டியிருப்பான்.

அங்கயும் எதிர்ப்பு வந்துது தம்பி. ஜெர்மனியில ஹெஸ்ஸன் மாநிலத்து வெவசாயிங்க கோர்ட்டுக்குப் போனாங்க. "நான் எவ்வளவு வாங்கறேன்னு ஊரு பூரா ஏன் தெரியணும்? என் அந்தரங்கம் இல்லியா?"ன்னு. 2010 நவம்பர்ல ஐரோப்பிய நீதிமன்றம் அவங்க பக்கம் நின்னுது. தனி ஆளுங்க பேர எல்லாம் கண்ணமூடிக்கிட்டு வெளியிடறது அளவுக்கு மீறினதுன்னு சொல்லிடுச்சி. மூணு வருசம் யோசிச்சு, புது விதி கொண்டாந்தாங்க: 1,250 யூரோவுக்கு மேல வாங்கறவன் பேரப் போடு, அதுக்குக் கீழ வாங்கற சின்ன ஆள வுட்டுடு. எனக்கு அது நியாயமாப் பட்டுது. சின்னவன் மானத்த மூடி வெச்சிட்டு, பெரியவன் மடியத் தடவிப் பாக்கறது ஒரு நீதிதான்.

நம்ம நாட்டுல 2023ல ஒரு தகவல் பாதுகாப்புச் சட்டம் போட்டாங்க. அதுல போற போக்குல தகவல் உரிமைச் சட்டத்துக்கும் ஒரு வெட்டு. முன்னாடி, தனிப்பட்ட தகவல்னாலும் அதுல பொதுக் காரியம் சம்பந்தப்பட்டிருந்தா, ஊருக்கு நன்மைன்னா குடுக்கணும்னு நீளமா எழுதியிருந்த விதிய, "தனிப்பட்ட தகவல்" குடுக்க வேணாம்னு நறுக்கி வெச்சிட்டாங்க. பொது நன்மை பெருசுன்னா குடுக்கலாம்னு வேற பிரிவு ஒண்ணு இன்னும் உசுரோட இருக்குங்கறாங்க வக்கீலுங்க. இருக்கட்டும். ஆனா பீரோவுக்குப் பின்னாடி பலகை வெச்சிருக்கறவன் இனிமே பீரோவ நகத்தக்கூட வேண்டாம் பாரு. "அந்தரங்கம் பெரியவரே"ன்னுடுவான்.

நம்ம ஊர்ல அந்தரங்கமாம்! எவ வூட்ல என்னா கொழம்பு, எவன் எந்தக் கடையில எவ்வளவு பாக்கி, எந்தப் பொண்ணுக்கு எந்த ஊருலேருந்து பாக்க வந்தான், என்னா சாக்கு சொல்லிட்டுப் போனான், அம்புட்டும் பொழுது விடியறதுக்குள்ள தெரிஞ்சிடும். சர்க்காரு யாருக்குக் குடுத்துது, எவ்வளவு குடுத்துது, இது ஒண்ணுதான் ரகசியம். அதுவும் என் வரிப் பணத்துல. சிரிக்காதே, தீப்பெட்டி வாங்கினாலும் வரி உண்டு. என்னக் கேட்டா ஆதாரு நம்பரு வேணாம், பேங்கு நம்பரு வேணாம், போன் நம்பரு வேணவே வேணாம். அதெல்லாம் திருடனுக்குத்தான் உதவும். பேரு, தகப்பன் பேரு, எத்தன மா, எத்தன ரூபா. இத மட்டும் பெரிய எழுத்துல எழுதி, ரேஷன் கடை செவுத்துல ஒட்டு. ரேஷன் கடைன்ன ஒடனே ஞாபகம் வருது, 2015ல சண்டிகரையும் புதுச்சேரியையும்தான் அரிசிக்குப் பதிலா காசுன்னு மொத மொதல்ல சோதிச்சுப் பாத்தாங்க. நெல்லு வெளயற ஊர்ல அரிசிக்குப் பணம். அப்பறம் கடையே மூடிக் கெடந்து, 2024ல மறுபடி தொறந்தாங்க. அதனால செவுரு இருக்கான்னு பாத்துட்டு ஒட்டு.

ஒண்ணு கவனிச்சியா? நாம இவ்வளவு நேரம் 2,000 ரூபா வாங்கறவனத்தான் தோலுரிச்சிக்கிட்டு இருக்கோம். 2023-24 பட்ஜெட்டுல இந்தக் கிசான் பணத்துக்கு ஒதுக்கினது 60,000 கோடி. உர மானியம் எவ்வளவு தெரியுமா? 1 லட்சத்து 75 ஆயிரம் கோடி. யூரியா மூட்டை 45 கிலோ 270 ரூபாய்க்குக் கீழ நமக்குக் கெடைக்குதுன்னா, மிச்சத்த சர்க்காரு குடுக்குது. யாருகிட்ட? என்கிட்டயா? நான் கடையில கைரேகை வெப்பேன், பணம் உரக் கம்பெனிக்குப் போவும். ஆக, எனக்கு மானியம், வாங்கறவன் அவன், ரேகை தேயறது என் வெரலு. அந்தப் பேரச் சொல்லி எந்த டீக்கடையிலயும் சண்ட வரல பாரு. பெரிய எலையில விழற பாயசம் சத்தம் போடாது.

நம்ம தண்ணிக் கணக்கும் அப்படித்தான். காவிரியில புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. 2007ல நடுவர் மன்றம் எழுதிச்சி, 2018ல உச்ச நீதிமன்றமும் அதத் தொடல. தீர்ப்புல தண்ணி தளும்புது. கடைமடையில நூலாறும் வாஞ்சியாறும் அரசலாறும் ஆகாயத்தாமரை பூத்துக் கெடக்கு. மேட்டூர்ல தொறந்தது நம்ம மதகுக்கு வந்து சேர்ரதுக்குள்ள எத்தன மடை, எத்தன கை! ரூபாய்க்கும் அதே வாய்க்காலுதான். இப்பத்தான் நேரா வங்கிக்கே வருதுங்கறாங்க. நல்லதுதான், நடுவுல ஓட்டை கொறஞ்சிது, ஒத்துக்கறேன். ஆனா வந்து சேர்ர வயலு யாரு வயலுன்னு பாக்க வேணாமா?

அதத்தான் சொல்ல வந்தேன். பட்டியல்ல திருடன் பேரு இருக்கான்னு தேடறோம். இருக்க வேண்டியவன் பேரு இல்லேங்கறது தேடறவன் கண்ணுல படறதில்ல. இந்தத் திட்டம் பட்டாதாரருக்கு. குத்தகைக்காரனுக்குக் கிடையாது, வாரத்துக்கு உழறவனுக்குக் கிடையாது. கோயில் நெலத்த மூணு தலமொறையா உழுதவனும் வெவசாயி இல்ல; அவன் பேர்ல பட்டா இல்லியே. தெலங்கானாவுல 2018ல ஏக்கருக்கு இவ்வளவுன்னு குடுக்க ஆரம்பிச்சாங்க. நெறைய ஏக்கரு வெச்சிருந்தவனுக்கு நெறைய வந்துது, குத்தகைக்காரன் வேடிக்க பாத்தான். ஒடிசாவுல காலியான்னு ஒரு திட்டத்துல வாரத்துக்கு உழறவனையும் நெலமில்லாதவனையும் சேத்தாங்க. மனசிருந்தா வழி இருக்குங்கறதுக்குச் சொன்னேன்.

இஞ்ச குத்தகை எல்லாம் வாய்ப்பேச்சு. பேப்பர்ல போட மாட்டாங்க. புதுச்சேரியில 1970லயே சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்துது. அதப் பாத்துத்தான் நெலத்துக்காரனுங்க பேப்பருக்கே பயந்தாங்க. நாளைக்கு உரிமை கேட்டுட்டா? அதனால வெளஞ்சா இத்தன மூட்டைன்னு வெத்தல பாக்கு வெச்சுப் பேசிக்கறது. உழறவன் உழுவான், கடன் வாங்குவான், பூச்சி மருந்து அடிப்பான், வெள்ளம் வந்தா அழுவான். நிவாரணம் வந்தா அது பட்டாவத் தேடிக்கிட்டு நேரா திண்ணைக்கு வரும்.

அதோ வரான் பாரு, தோள்ல மம்பட்டியோட, முழங்காலு வரைக்கும் சேறு. வணக்கம் சொல்றான் பாரு ஒனக்கு. நல்ல புள்ள. எட்டு வருசமா நம்ம மேலண்டை வயலு அஞ்சு மாவையும் அவன்தான் பாக்கறான். குறுவை போச்சு, சம்பாவாவது தேறுமான்னு வாய்க்காலப் பாத்துட்டு வரான். அவனுக்கும் குலசாமி பேருதான் வெச்சிருக்கு, அந்த ஏழு பேர்ல அவனும் ஒருத்தன். நீ இப்ப போனயும் அவனையும் மாத்தி மாத்திப் பாக்கறே. பதினேழாவது பேரு இவன்தான்னு முடிவு பண்ணிட்டே. பணம் சரியான ஆளுக்குத்தான் போயிருக்குன்னு ஒரு திருப்தி ஒன் மூஞ்சியில தெரியுது.

ஏன் தம்பி, ஒங்கப்பன் என்ன எப்பவாச்சும் பேரு சொல்லிக் கூப்புட்டுக் கேட்டிருக்கியா? பெரியப்பா, பெரியப்பான்னே கூப்புட்டு, என் பேரு என்னான்னே ஒனக்குச் சொல்லாம வளத்திருக்கான்.

போன சித்த கீழ வை. படிக்கறதுன்னா மெதுவாப் படி. அவன் இன்னும் மதகத் தாண்டல.